சுளகில் புடைத்தால் நஞ்சு போகுமா?



நோன்பு மாதம் நெருங்கும்போது நம் வீடுகளில் முதலில் நிறைவது அரிசிப் பானையும் மா டின்னும்தான். கஞ்சிக்குப் பச்சரிசி, ஸஹருக்குச் சோற்றரிசி, இடியப்பத்துக்கு மா, பருப்பு, சீனி, ஒரு பெட்டி ஈத்தம்பழம் என்று ஒரு மாதத்துச் சாமானை ஒரேயடியாக வாங்கி அடுக்கிவிடுகிறோம். சாமான் வந்த சில நாட்களில் அழையாத விருந்தாளிகளும் வந்துவிடுகிறார்கள். சீனிக்கு எறும்பு, அரிசிக்கு வண்டு, மாவுக்குப் புழு, அலுமாரிக்குப் பின்னால் கரப்பான், கூரைக்கு மேலே எலி!

அப்போது நாம் என்ன செய்கிறோம்? சீனிப் போத்தலைச் சுற்றி எறும்புச் சோக்கால் ஒரு கோடு. அரிசிச் சாக்கின் அடியில் இரண்டு பூச்சி உருண்டை. குசினிக்குள் படுக்கும் முன் ஒரு தடவை ஸ்பிரே. மூலையில் ஒரு சிரட்டையில் எலி மருந்து கலந்த சோறு. “நாலு நாளைக்கு நிம்மதி” என்று கையைத் தட்டிவிட்டுப் படுத்துவிடுகிறோம்.

சகோதரிகளே! வண்டு விழுந்த அரிசியைச் சுளகில் இட்டுப் புடைத்துவிடலாம். களைந்து, கழுவி, சமைத்தும் விடலாம். மனம் கொஞ்சம் கூசுமே தவிர உடலுக்குத் தீங்கில்லை. ஆனால் மருந்து பட்ட அரிசியை எந்தச் சுளகில் புடைப்பீர்கள்? எத்தனை தண்ணீரில் கழுவுவீர்கள்? வண்டை விரட்டப் போய், வண்டை விடப் பெரிய ஒன்றை நாமே பானைக்குள் அழைத்துவிடுகிறோமா என்பதைத்தான் இக்கட்டுரையில் சேர்ந்து சிந்திக்கப் போகிறோம்.

மழையும் லயமும்

இந்த விஷயம் எல்லா ஊருக்கும் பொதுவானதுதான். எனினும் சப்ரகமுவ மாகாணத்தில், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர் தோட்டங்களிலும் அவற்றை அண்டிய சிறு பட்டினங்களிலும் இதற்குத் தனிக் காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது மழை. இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. காற்றில் எப்போதும் ஈரம். ஈரம் ஏறிய அரிசியிலும் மாவிலும் வண்டும் புழுவும் வேகமாகப் பெருகும். ஒரு பெண் அரிசி வண்டு தன் வாழ்நாளில் 300 முட்டை வரை இடும். அம்முட்டையை அது அரிசி மணியைத் துளைத்து உள்ளே வைத்து மூடிவிடுகிறது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் புதிய வண்டு வெளியே வருகிறது. ஆகவே சாக்கின் அடியில் என்ன உருண்டையைப் போட்டாலும் மணிக்குள் இருக்கும் முட்டைக்கு ஒன்றும் ஆவதில்லை. உருண்டையின் ஆவி போய்ச் சேருவது நம் சோற்றுக்குத்தான்.

இரண்டாவது இடம். தோட்டத்து லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்றும் முன்னால் ஓர் இஸ்தோப்பும்தான். அதற்குள்ளேயே அடுப்பு, அரிசி, தொட்டில், துணி எல்லாம். மண்ணெண்ணெய்ப் போத்தல், நுளம்புச் சுருள், எலி மருந்து, சில வீடுகளில் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த புல் மருந்து ஆகியவையும் அங்கேதான் இருக்க வேண்டியிருக்கிறது. “மருந்தைச் சாப்பாட்டிலிருந்து தூரமாக வையுங்கள்” என்று பெட்டியில் எழுதியிருப்பதை வாசிக்கிறோம். பன்னிரண்டு அடி அறைக்குள் தூரம் என்பது எங்கே இருக்கிறது?

மூன்றாவது எலி. எலியை “இருந்துவிட்டுப் போகட்டும்” என்று விடவும் முடியாது. எலிக்காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் இரத்தினபுரியும் கேகாலையும் அடங்கும். 2008ஆம் ஆண்டு நம் நாட்டில் எலிக்காய்ச்சல் பெரிதாகப் பரவியபோது 7,000க்கும் மேற்பட்டோருக்கு அந்நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. எனவே எலியையும் பூச்சியையும் தடுத்தே ஆக வேண்டும். எப்படித் தடுப்பது என்பதுதான் கேள்வி.

எந்த மருந்து என்ன செய்கிறது?

பூச்சி உருண்டை: இதைக் கற்பூர உருண்டை என்று சொல்வோரும் உண்டு. கற்பூரம் என்ற பெயரைக் கேட்டதும் தீங்கில்லாத பொருள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையில் இதில் இருப்பது பெரும்பாலும் நப்தலின் என்னும் இரசாயனம். நாளடைவில் உருண்டை சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். அது எங்கே போகிறது? ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. அந்த ஆவியை அரிசி, மா, தேயிலை, பால்மா எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். நெய், வெண்ணெய், தேங்காய் போன்ற கொழுப்புள்ள பொருட்களில் இன்னும் எளிதாகப் படியும். இது துணிப் பெட்டிக்கென்று செய்த பொருள்; உணவுக்கு அருகில் வைக்கவே கூடாது.

துணியிலும் ஓர் எச்சரிக்கை தேவை. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இரத்தத்தின் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பீடி என்னும் பொருள் குறைவாக இருக்கும். மலேரியா பரவியிருந்த நாடுகளில் இக்குறைபாடு அதிகம். நம் நாட்டிலும் உண்டு. அத்தகைய குழந்தைக்கு நப்தலின் பட்டால் சிவப்பணுக்கள் உடைந்து, இரத்தம் குறைந்து, மஞ்சள் காமாலை ஏற்படும். பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்த துணியைச் சுற்றியதாலேயே பச்சிளங் குழந்தைகள் நோயுற்ற செய்திகள் மருத்துவ ஏடுகளில் உள்ளன. மூத்த பிள்ளையின் உடுப்பை எடுத்து அடுத்த பிள்ளைக்கு உடுத்தும் தாய்மார் இதை மறக்க வேண்டாம்.

எறும்புச் சோக்கு: பார்வைக்குப் பள்ளிக்கூடச் சோக்குதான். ஆனால் அதில் பூச்சிகொல்லி கலந்திருக்கிறது. அலுமாரித் தட்டில் கோடு போட்டால் அந்தத் தூள் கோப்பையின் அடியில் ஒட்டும், பாண் துண்டில் ஒட்டும், தவழும் பிள்ளையின் கையில் ஒட்டும். சோக்கென்று நினைத்துப் பிள்ளைகள் வாயில் வைத்துவிடவும் கூடும். பதிவிலக்கமோ எச்சரிக்கையோ இல்லாமல் பாதையோரத்தில் விற்கப்படும் சோக்கை வாங்கவே வேண்டாம்.

நுளம்புச் சுருள்: இதிலுள்ள மருந்து சிறிதளவுதான். புகைதான் பெரிது. 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் முழுவதும் எரியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரிவதற்குச் சமம் என்று கணக்கிட்டது. மூடிய காம்பராவில் சுருளைக் கொளுத்திவிட்டுத் திறந்த சட்டியில் ஸஹர் கறியை வைத்தால், அந்தப் புகை கறியின் மேலும் படியும். ஸ்பிரேக்கும் இதே கதைதான். அடிக்கும்போது மேலே எழும் துளிகள் கீழே வந்து திறந்திருக்கும் எல்லாவற்றிலும் இறங்குகின்றன.

போரிக் பவுடர்: கரம் பலகைக்குப் போடும் அதே தூள்தான். கரப்பானுக்காகச் சீனியோடும் டின்பாலோடும் பிசைந்து உருட்டி வைக்கிறோம். கரப்பானுக்கு இனிப்பது பிள்ளைக்கும் இனிக்கும்! தூளாக இருக்கும்போது மாவிலிருந்தும் உப்பிலிருந்தும் அதைப் பிரித்தறிய முடியாது. பெயரில்லாத போத்தலில் போட்டு வைப்பது பேராபத்து.

எலி மருந்து: இதில் பல வகை உண்டு. சில வகைகளை உட்கொண்டால் சில மணி நேரத்திலேயே உடல் தளரும். சில வகைகளில் இரண்டு மூன்று நாள் ஒன்றும் தெரியாது. பிறகுதான் இரத்தம் கசியத் தொடங்கும், அல்லது ஈரல் கெடும். “பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறது” என்று ஆறுதல் கொள்ள முடியாத நஞ்சு இது. இன்னொன்று, மருந்து தின்ற எலி அங்கேயே சாவதில்லை. அரிசிச் சாக்குக்குப் பின்னாலோ தண்ணீர்ப் பீப்பாய்க்குள்ளோ போய்ச் செத்துக் கிடக்கும். அதைத் தின்னும் பூனையும் சாகும்.

களஞ்சிய மாத்திரை: நெல், கோதுமைக் களஞ்சியங்களில் பயிற்சி பெற்றவர்கள் வைக்கும் அலுமினியம் பொஸ்பைட் மாத்திரை இது. காற்றின் ஈரம் பட்டதும் பொஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். இதற்கு வீட்டில் இடமே இல்லை. ஷார்ஜா போன்ற வளைகுடா நகரங்களில், பக்கத்து வீட்டில் மூட்டைப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் என்று வைத்த இம்மாத்திரையின் வாயு கசிந்து வந்து பிள்ளைகள் மரணித்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. லயத்தில் வாழ்வோர் இதை இரண்டு தடவை யோசிக்க வேண்டும். காம்பராக்களுக்கு இடையில் சுவர் இருந்தாலும் மேலே இருப்பது ஒரே கூரை. ஒரு வீட்டு அடுப்புப் புகை மறு வீட்டுக்கு வருகிறதல்லவா? நஞ்சும் அப்படித்தான் வரும்.

நடந்த மூன்று கதைகள்

“இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே” என்று நினைக்கும் சகோதரிகளுக்காக நடந்த மூன்றைச் சொல்கிறோம்.

1958ஆம் ஆண்டு. கேரளத்துக்கு வந்த ஒரு கப்பலில் கோதுமை மா போன்ற உணவுப் பொருட்களும் ‘பொலிடோல்’ என்னும் பூச்சிகொல்லியும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. வழியில் மருந்து கசிந்து உணவு மூட்டைகளில் ஊறியது. அந்த மாவில் செய்ததை உண்ட 100க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். சுட்டும் அவித்தும் உண்டார்கள். நெருப்பு நஞ்சை நீக்கவில்லை. இந்தியாவில் 1968இல் பூச்சிகொல்லிச் சட்டம் வருவதற்கு இந்தத் துயரமும் ஒரு காரணமாயிற்று.

2013ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் திகதி. பீகார் மாநிலம், சாரண் மாவட்டத்தின் ஒரு கிராமப் பாடசாலை. மதிய உணவு உண்ட பிள்ளைகளில் 23 பேர் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மொனோகுரோட்டோபொஸ் என்னும் பூச்சிகொல்லி இருந்தது சோதனையில் தெரியவந்தது. முன்பு அம்மருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெயை வைத்ததால் இது நேர்ந்திருக்க வேண்டும் என்று விசாரித்தவர்கள் கருதினார்கள். எண்ணெய் சரியில்லை என்று சமைத்த பெண் முதலிலேயே சொன்னதாகவும், அதை யாரும் பொருட்படுத்தவில்லை என்றும் அந்நாட்களில் செய்திகள் வந்தன. சகோதரிகளே, சமைக்கும் பெண்ணின் மூக்கு பொய் சொல்வதில்லை. மணம் மாறினால் கொட்டிவிடுங்கள். “வீண் விரயம் ஆகுமே” என்று அஞ்ச வேண்டாம். உயிரைக் காக்கக் கொட்டுவது விரயமல்ல.

2024ஆம் ஆண்டு நவம்பர். சென்னையை அடுத்த குன்றத்தூர்ப் பகுதியில் ஒரு வீட்டில் எலித் தொல்லைக்காக ஆட்களை அழைத்து மருந்து வைத்தார்கள். இரவு குளிரூட்டியைப் போட்டு அறையை மூடிக்கொண்டு குடும்பத்தோடு உறங்கினார்கள். இரண்டு சிறு பிள்ளைகள் இறந்தார்கள். பெற்றோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். படித்தவர்கள், நகரத்தில் வாழ்ந்தவர்கள், காசு கொடுத்து ஆளை அழைத்தவர்கள்! அவர்கள் தவறாக ஒன்றும் நினைக்கவில்லை. எலியை விரட்டத்தான் நினைத்தார்கள்.

ஒரே கப்பல், ஒரே பாத்திரம், ஒரே அறை. மூன்றிலும் நஞ்சு உயிர்களோடும் உணவோடும் ஓரிடத்தில் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு பாடம் போதும்.

மார்க்கம் சொல்லும் வழி

இரவில் பாத்திரங்களை மூடிவைக்கும்படியும், தண்ணீர்த் துருத்தியின் வாயைக் கட்டும்படியும், விளக்கை அணைக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரையே எரித்துவிடக் கூடும் என்ற காரணத்தையும் சொன்னார்கள். ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் வருகிறது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் சொன்ன இந்த ஒழுங்கை எண்ணிப் பாருங்கள். எலிக்கும் பூச்சிக்கும் முதல் மருந்து மூடிதான்! மூடியிருக்கும் பானைக்கு எறும்பும் வராது. எறும்பு மருந்தும் தேவைப்படாது.

எலியைக் கொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். ஹரம் எல்லைக்குள்ளும் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்து பிராணிகளில் எலியும் ஒன்று என ஆயிஷா (ரழி) அவர்களின் அறிவிப்பில் உள்ளது. எறும்பு அப்படியல்ல. அதைக் கொல்வதற்குத் தடை வந்துள்ளது. தொல்லை தரும் எறும்பை வேறு வழியில் விலக்க முடியாதபோதே கொல்லலாம் என்பது உலமாக்களின் விளக்கம். நெருப்பு வைத்து எரிப்பதோ அறவே கூடாது. ஆகவே எறும்பைக் கண்டதும் மருந்தைத் தேடாமல், அது வந்த வழியை அடைப்பதும் சிந்திய சீனியைத் துடைப்பதும் சுன்னத்துக்கும் சுகாதாரத்துக்கும் நெருக்கமானவை.

தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. ஒரே கூரையின் கீழ் வாழும் அயலவர் எந்த மதத்தவரானாலும், அவர் மூச்சுவிடும் காற்றில் நம் மருந்து கலக்காமல் பார்ப்பது அயலவருக்குரிய ஹக்கு.

செலவில்லாத வழிகள்

“தடுக்கத்தானே சொல்கிறீர்கள், வழி என்ன?” என்று கேட்கிறீர்கள். இதோ:

1. சாக்கில் அரிசியை வைக்க வேண்டாம். இறுக்கமாக மூடக்கூடிய தகர டின்னிலோ தடித்த பிளாஸ்டிக் வாளியிலோ கொட்டுங்கள். பிஸ்கட் டின், பால்மாப் பேணி எல்லாம் உதவும். மெல்லிய பிளாஸ்டிக்கை எலி கடித்துவிடும், தகரத்தைக் கடிக்காது. காற்றுப் புகாத டின்னில் வண்டுக்கு மூச்சு முட்டும்.

2. டின்னைத் தரையில் வைக்காமல் பலகையிலோ செங்கல்லிலோ உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பின்பக்கம் கூட்ட முடிந்தால் எலி கூடு கட்டாது. வெள்ளம் வரும் தாழ்நிலத்தில் இது இன்னும் அவசியம். 2003இலும் 2017இலும் களு கங்கை பெருகி இரத்தினபுரி மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். வெள்ளத்தில் மருந்துப் போத்தலும் அரிசிச் சாக்கும் சேர்ந்தே மிதக்கும். மருந்து கலந்த வெள்ளம் தொட்ட உணவை எடுக்கவே வேண்டாம்.

3. வெயில் கிடைக்கும் நாளில் அரிசியைப் பாயில் மெல்லிசாகப் பரப்பிக் காய வையுங்கள். வண்டு ஓடும், ஈரமும் போகும். நன்றாக ஆறிய பிறகே டின்னில் இடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

4. குளிர்சாதனப் பெட்டி உள்ள வீடுகளில், வாங்கிய மாவையும் ரவையையும் பையோடு உறைநிலைத் தட்டில் நான்கு நாள் வைத்தெடுத்தால் உள்ளிருக்கும் முட்டையும் சாகும்.

5. கேகாலைப் பக்கம் கராம்புக்குப் பஞ்சமில்லை. ஒரு துணியில் கராம்பும் செத்தல் மிளகாயும் முடிந்து டின்னுக்குள் போடுங்கள். இது வண்டைக் கொல்லாது. ஓரளவு அண்டவிடாமல் செய்யும். மூடியோடு சேர்ந்தால்தான் பலன். ஒன்று மட்டும் உறுதி: தப்பித் தவறிச் சோற்றில் விழுந்தாலும் யாரும் சாக மாட்டார்கள்!

6. சீனிப் போத்தலை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே வைத்தால் எறும்பு கடக்காது. தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் நுளம்பு குடியேறும். எறும்பு வரும் ஓட்டையைச் சவர்க்காரத்தாலோ சீமெந்தாலோ அடைத்துவிடுங்கள்.

7. எலிக்குப் பொறி வையுங்கள். செத்த எலியை வெறுங்கையால் தொட வேண்டாம். பிளாஸ்டிக் பையைக் கையுறைபோல் மாட்டி எடுத்து ஆழமாகப் புதைத்து, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். இரவில் எச்சில் சட்டியும் குப்பையும் குசினியில் தங்கக் கூடாது.

8. வேண்டியதை மட்டும் வாங்குங்கள். நோன்புக்கென்று ஒரு மாதத்துக்கு வாங்குவதை இரு வாரத்துக்கொரு தடவை என்று பிரித்தால் வண்டுக்கு வளர நாளிருக்காது.

மருந்து வாங்கியே ஆக வேண்டுமென்றால்

நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி இத்தகைய மருந்துகள் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பெயர், பதிவிலக்கம், எச்சரிக்கை, முதலுதவி எதுவும் இல்லாமல் சிறு பொட்டலமாக விற்பதை வாங்காதீர்கள். வாங்கியதை வேறு போத்தலுக்கு மாற்றாதீர்கள். சோடாப் போத்தலில் ஊற்றிய மண்ணெண்ணெயும் புல் மருந்தும் எத்தனை பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கின்றன! இலங்கையில் சிறு பிள்ளைகள் தவறுதலாகக் குடித்துவிடும் பொருட்களில் மண்ணெண்ணெய் முன்னணியில் நிற்கிறது. மருந்து தீர்ந்த டின்னைக் கழுவி உப்புப் போடவும் வேண்டாம், தண்ணீர் அள்ளவும் வேண்டாம். ஓட்டை போட்டு அப்புறப்படுத்துங்கள்.

ஸ்பிரே அடிக்கும் முன் உணவையும் பாத்திரங்களையும் வெளியே எடுங்கள். பிள்ளைகளையும் பூனையையும் அப்புறப்படுத்துங்கள். பெட்டியில் சொல்லியிருக்கும் நேரம்வரை மூடிவைத்து, பிறகு கதவு ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விட்டு, சமைக்கும் இடத்தைச் சவர்க்காரத்தால் துடைத்த பின்பே உணவை உள்ளே கொண்டுவாருங்கள். காம்பராவுக்குள் இடமில்லாதோர், மழை படாத வெளிச் சுவரில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் பூட்டுள்ள சிறு பெட்டி ஒன்றை அடித்துக்கொள்ளலாம்.

இன்னொரு காரணத்துக்காகவும் இதை வற்புறுத்துகிறோம். கோபத்திலும் மனக்கவலையிலும் கைக்கெட்டிய நஞ்சை எடுத்துக்கொண்டோரால் நம் நாடு எத்தனையோ உயிர்களை இழந்திருக்கிறது. 1995 முதல் கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. அதன் பின் பத்தாண்டுக்குள் தற்கொலை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அனுராதபுர மாவட்டத்தில் விவசாயக் குடும்பங்களுக்குப் பூட்டுப் பெட்டி கொடுத்துச் செய்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2017இல் வெளியானது. பெட்டி மட்டும் இத்தகைய சம்பவங்களைக் குறைக்கவில்லை என்று அது காட்டியது. பூட்டு சிறு பிள்ளையைத் தடுக்கும். மனம் உடைந்தவரைத் தடுக்காது. எனவே தோட்டத்து மருந்து தோட்டத்து ஸ்டோரிலேயே இருக்கட்டும். “மிச்சம் இருந்தது, கொண்டுவந்தேன்” என்று யாராவது வீட்டுக்கு எடுத்து வந்தால், அன்போடு திருப்பி அனுப்புங்கள். மனம் சோர்ந்திருப்பவரைத் தனியே விடாமல் பேசுங்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கடையும் பள்ளியும்

மாவனல்லை, பலாங்கொடை, இறக்குவானை, எட்டியாந்தோட்டை என்று எங்கு பார்த்தாலும் தோட்ட மக்களுக்குச் சாமான் கொடுக்கும் கடைகளில் பல நம்மவர்களுடையவை. வாப்பாவோ நானாவோ வீட்டுக்காரரோ கடை வைத்திருந்தால், இன்றிரவு அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். மாச் சாக்குக்கு மேல் தட்டில் என்ன இருக்கிறது? நுளம்புச் சுருளும் எலி மருந்தும் சீனிக்குப் பக்கத்தில் இருக்கிறதா? மருந்தை எடுத்த கையாலேயே பருப்பை அள்ளுகிறார்களா?

தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் மறைந்திருந்ததைக் கண்டித்த சம்பவம் முஸ்லிம் நூலில் அபூஹுரைரா (ரழி) அவர்கள் வழியாக வருகிறது. மழையில் நனைந்ததை மறைத்ததற்கே அந்தக் கண்டிப்பு என்றால், நஞ்சின் ஆவி ஏறிய மாவைக் கடனுக்கு வாங்கிச் செல்லும் ஏழைக்குக் கொடுப்பது எப்படி இருக்கும்? மருந்துக்குத் தனி அலுமாரி, மேல் தட்டில் அல்ல, கீழே, கடையின் மறு மூலையில். சிந்தினாலும் உணவில் சிந்தாது. கேட்டும் திருந்தாத கடையைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

அவ்வாறே பெருநாளுக்கு முன் பள்ளிவாசலில் சேரும் பித்ரா அரிசி. எந்த அறையில் அடுக்குகிறார்கள்? அதே அறையில் பூச்சி மருந்தும் பெயின்ட் டின்னும் மண்ணெண்ணெயும் இருக்கின்றனவா? நாம் வீட்டில் சுத்தமாக அளந்து கொடுத்த அரிசி, வாங்கும் ஏழையின் வீட்டிலும் சுத்தமாகவே போய்ச் சேர வேண்டும். நிர்வாகிகளிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

தவறிவிட்டால்

அல்லாஹ் காப்பாற்ற வேண்டும். ஆயினும் பிள்ளை மருந்தைத் தொட்டு வாயில் வைத்துவிட்டால் பதறாமல் இவற்றைச் செய்யுங்கள்:

வாயிலுள்ளதை விரலால் வழித்தெடுத்து, வாயைத் தண்ணீரால் துடையுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். உப்புத் தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர், முட்டை, தேங்காய்ப் பால் எதுவும் கொடுக்க வேண்டாம். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்கச் செய்தால் அது நுரையீரலுக்குள் போய் நிலைமை மோசமாகும்.

உடம்பில் பட்டிருந்தால் உடுப்பைக் கழற்றி, சவர்க்காரமிட்டு நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். வாயுவை முகர்ந்திருந்தால் உடனே வெளிக் காற்றுக்குக் கொண்டுவாருங்கள். மயங்கியிருந்தால் இடது பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள்.

2016இல் தொடங்கிய ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ் சேவையை 1990 என்ற இலக்கத்தில் அழையுங்கள். இரத்தினபுரி, கேகாலை பெரியாஸ்பத்திரிகள் தூரமென்றால் பலாங்கொடை, கரவனல்லை, மாவனல்லை என்று எது கிட்டவோ அங்கே போங்கள். மருந்தின் பெட்டியை, போத்தலை, பொட்டலத்தைக் கையோடு கொண்டுபோங்கள். அதைப் பார்த்தால்தான் எந்த மாற்று மருந்து என்று வைத்தியர் உடனே தீர்மானிக்க முடியும். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலுள்ள நச்சுத் தகவல் நிலையத்திடமும் அவர்கள் ஆலோசனை பெறுவார்கள். பிள்ளைக்கு எச்சில் வழிதல், கண்மணி சுருங்குதல், வியர்வை, வயிற்றோட்டம், நெஞ்சிறுக்கம் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். ஒன்றும் தெரியாவிட்டாலும் எலி மருந்தென்றால் கட்டாயம் காட்டுங்கள்.

ஏசுவார்களே என்று உண்மையை மறைக்காதீர்கள். “உம்மா கவனமில்லாமல் வைத்துவிட்டேன்” என்று சொல்லும் ஒரு வார்த்தை பிள்ளையின் உயிரைக் காப்பாற்றலாம்.

உணவு சந்தேகமானால்? மருந்து சிந்திய, உருண்டை கிடந்த, ஸ்பிரே இறங்கிய உணவைக் கழுவி எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கோழிக்கும் போட வேண்டாம். அந்தக் கோழியும் முட்டையும் நம் தட்டுக்குத்தான் திரும்பி வரும். ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

சகோதரிகளே! இந்த இதழை மூடிவைக்கும் முன் எழுந்து சென்று குசினியை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். அரிசிக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? எந்தப் போத்தலில் பெயர் இல்லை? எந்தப் பானைக்கு மூடி இல்லை? இந்த மூன்று கேள்விக்கும் விடை கண்டு சரிசெய்ய அரை மணி நேரம் போதும். பிஸ்மில்லாஹ் சொல்லி இடும் உணவு, சுவையாக இருப்பதோடு தூய்மையாகவும் இருக்கட்டும். ஹலாலான உழைப்பில் வாங்கிய அரிசியைத் தய்யிபாக, நல்லதாக, பிள்ளைகளின் வாயில் சேர்ப்பது தாயின் கையிலுள்ள அமானிதம்.

அல்லாஹ் நம் வீடுகளையும், நம் அயலவர் வீடுகளையும், தெரிந்தும் தெரியாமலும் வரும் தீங்குகளிலிருந்து பாதுகாப்பானாக. ஆமீன்.